மடியில் ஓர் இயந்திரக் குட்டி

மனித உருவில் இரு கால்களால் நடக்கும் 'வாபாட்-1' என்னும் இயந்திரத்தை, ஜப்பானின் வாசெதா பல்கலைக்கழகத்தார் 1973-இல் உருவாக்கினர். பின்னாளில் அந்நாட்டு அறிஞர் சிலரின் நாட்டம், நடக்கும் இயந்திரத்தினின்று உடனிருக்கும் இயந்திரத்தின்பால் திரும்பியது. காரணம் உண்டு. அங்கு இன்று நூற்றுக்கு ஏறத்தாழ 29 பேர் 65 வயதை எட்டியவர்கள். தனித்து வாழும் முதியோர் பலர்.

அறிஞர் தக்கனோரி ஷிபாத்தா உருவாக்கிய 'பாரோ' 2005-இல் விற்பனைக்கு வந்தது. வெண்மயிர் போர்த்த கடல்நாய்க் குட்டியின் வடிவம், எடை 2.7 கிலோ. தடவினால் உணர்ந்து தலையசைக்கும், குரல் எழுப்பும். நினைவு மங்கிய முதியோரின் கலக்கத்தைத் தணிக்க அது உதவுவதாக ஆய்வுகள் கூறுகின்றன.

இசுமி நகரின் பௌத்த ஆலயம் ஒன்றில், பழுதுற்ற 'ஐபோ' இயந்திர நாய்களுக்கு 2015-இல் இறுதிச் சடங்கே நிகழ்ந்தது. நகைக்க வேண்டாம். அவற்றைப் பேணியோரின் அன்பு மெய்யானது. அதற்கு மறுமொழி தர எதிரே ஓர் உள்ளம் இல்லையே என்பதுதான் துயரம்.

பாரோவைப் பழிப்பதற்கில்லை; துன்புறுவோர்க்கு ஆறுதல் தரும் கருவி நல்லதே. ஆயினும் மன்னிக்கவோ, உடனமர்ந்து செபிக்கவோ, இறுதி வேளையில் கைப்பற்றி விடைகொடுக்கவோ அதனால் ஆகாது. நான்காம் கட்டளை அப்பணியை மக்களாகிய நம்மிடமே ஒப்படைத்துள்ளது.

இன்று மாலை, செபமாலைக்கு முன், வீட்டு முதியவர் அருகில் சற்றே அமர்வோமா?