வாயிலும் வர்க்கமும்: இகுவலாதாச் சேமக்காலையைக் கடதாசி மாதிரியுருவிற் காணல்

வாயில் வெறும் புகுவழியன்று. உள்ளே நிலவும் சமூக ஒழுங்கினை முன்கூட்டியே அறிவிப்பதும் அதுவேயாகும். சேமக்காலைக்கும் இது பொருந்தும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய முதலாளி வர்க்கம் பேணிய பெருஞ் சேமக்காலைகள் பல, ஓங்கிய தூண்களும் இரும்புப் படலையும் கொண்ட வாயில்களை உடையன. 1804 இல் திறக்கப்பட்ட பாரிசின் பெயர் லாஷேசில் செல்வக் குடும்பங்களின் கல்லறைகள் சிற்றாலயங்களாய் எழுந்து நிற்கின்றன. 1871 மே 28 இல் கொம்யூன் போராளிகள் 147 பேர் சுட்டுக்கொல்லப்பட்ட மதிலும் அதே வளவினுள்ளேயே உள்ளது. மரணம் வர்க்கத்தை அழித்துவிடுவதில்லை.

இம்மரபிலிருந்து விலகி நிற்பது ஸ்பெயினின் கத்தலோனியாவிலுள்ள இகுவலாதாச் சேமக்காலையாகும். நெசவும் தோல் பதனிடுதலும் வளர்த்த அந்நகரின் புறத்தே, என்ரிக் மிராலியெஸ், கார்மே பினோஸ் என்னும் கட்டடக்கலைஞர் இருவர் 1980களின் நடுப்பகுதியில் இதனை வடிவமைத்தனர். அங்கு அலங்கார வளைவு எதுவும் நம்மை வரவேற்பதில்லை. துருவேறிய உருக்குத் தூண்கள் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் சாய்ந்து நிற்கின்றன. அவற்றைக் கடந்ததும் பாதை நிலத்தினுள் இறங்குகிறது. பக்கங்களிற் பிரேத மாடங்கள் அடுக்கிய கொங்கிறீற்றுச் சுவர்கள். காலடியிற் கொங்கிறீற்றில் ஆங்காங்கே பதித்த மரக்கட்டைகள்.

இவ்வாயிலின் இயல்பினை நிழற்படத்தினும் கடதாசி மாதிரியுருவே தெளிவாகக் காட்டும். மரபுவழி வாயிலைச் செய்வதற்கு மட்டையொன்றை வெட்டித் தளத்தின்மீது நிறுத்தினாற் போதும்; தளம் வெட்டுப்படாது. இகுவலாதாவையோ அவ்வாறு செய்யவியலாது. சமவுயரக் கோடுகளின்படி மட்டைகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி, அவ்வடுக்கையே வெட்டிப் பாதையைத் திறக்க வேண்டும். வெட்டிய விளிம்பிலேயே மடித்த கடதாசி சுவராக நிற்கும். வாயில் நிலத்தின்மேல் வைக்கப்பட்ட பொருளன்று, நிலத்தில் நிகழ்ந்த வெட்டே என்பதைக் கத்தி பிடித்த கையே கண்டுகொள்கிறது.

ஆயின், மாதிரியுரு ஒன்றை மறைக்கவும் செய்கிறது. 1:200 அளவுத்திட்டத்தில், ஒரு சென்ரிமீற்றர் சதுரமும் ஐந்து மில்லிமீற்றர் தடிப்புமுள்ள வெட்டுத்துண்டு நான்கு கனமீற்றர் மண்ணைக் குறிக்கும். அதன் நிறை ஏறத்தாழ ஆறு தொன். மேசையிலிருந்து நாம் ஊதித் தள்ளும் அத்துண்டு, களத்தில் மனித உழைப்பாகும். வடிவத்தைப் போற்றும் கலை விமர்சனம் பெரும்பாலும் மறப்பது இதனையே.

இவ்வாயில் வர்க்க பேதத்தை ஒழித்துவிட்டது எனக் கூறுவதும் மிகையாகும். ஒரே அளவான மாடங்களைக் கடந்து இறங்கும் பாதையின் முடிவிற் குடும்பக் கல்லறைகள் தனியே அமைந்துள்ளன. 2000 ஆம் ஆண்டில் மறைந்த மிராலியெசும் இச்சேமக்காலையிலேயே அடக்கம் செய்யப்பட்டார். நிலத்தை வெட்டியோரை நினைவூட்ட, வெட்டுத்துண்டுகளையும் மாதிரியுருவின் அருகிலேயே வைத்தல் தகும்.