காட்டின் கணக்கும் குளத்தின் நீரும்

கமக்காரர்களே! காட்டுக் கணக்கு நெல் விளைவிப்போருக்கு எதற்கு என நீங்கள் வினவலாம். கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா நாடு அளித்த தொழில்நுட்ப உதவியைக் கொண்டு, 1956 ஆம் ஆண்டில் ஆகாயத்திலிருந்து எடுக்கப்பெற்ற படங்களின் துணையால் இலங்கைக் காடுகள் அளவிடப்பட்டன. அறிக்கை 1961 இல் வெளிவந்தது. நாட்டின் நிலப்பரப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ 44 பங்கு அடர்காடு எனத் தெரிந்தது. 1992 ஆம் ஆண்டுக் கணக்கிலோ அது 24 பங்களவிற்குக் குறைந்திருந்தது. முன்னைய அளவை இல்லையேல் இவ்விழப்பைத் திட்டமாகக் கூறுதல் அரிது. அவ்வுதவியின் பெரும்பயன் இதுவே எனலாம்.

ஆயினும், ஆகாயப்படம் காட்டைக் காவாது. குளத்திற்கு மேற்புறமுள்ள காடு மழையின் வேகத்தைத் தணித்து, சருகினூடே நீரை மண்ணிற் சுவறச் செய்கின்றது. அதனை எரித்துச் சேனை செய்யின், முதல் மாரியிலேயே மேல்மண் கரைந்து குளத்தை அடையும். தூர்ந்த குளம் கொள்ளும் நீர் குறைவு. சிறுபோகத்தில் வாய்க்காலின் கடைசி வயல்களே முதலில் வாடும். தூர்வாருதலோ பெருஞ்செலவுடையது.

ஆதலின், குளத்தின் மேல்விளிம்பில் நிற்கும் மருது முதலிய மரங்களைத் தறியாது விடுங்கள். காட்டோரத் தோட்டங்களிற் குப்பையை எரிக்குமுன், சுற்றிலுமுள்ள சருகை அகலமாகக் கூட்டி அகற்றுங்கள். காற்று வீசும் வேளையில் தீ மூட்டாதீர்கள்.