படகிலிருந்து பறவைப் படம்

குடகில் பிறக்கும் காவிரி ஒகேனக்கலில் நம்மை வந்தடையும் முன், மைசூருக்கு அருகே சில சிறு தீவுகளைத் தழுவிக்கொண்டு வருகிறது. அவையே ரங்கனதிட்டு. பதினேழாம் நூற்றாண்டில் ஆற்றின் குறுக்கே எழுப்பிய ஒரு தடுப்பணையால் உண்டான திட்டுகள் அவை. பறவையியல் அறிஞர் சாலிம் அலி இங்குள்ள கூடுகளைக் கண்டு மைசூர் அரசரிடம் எடுத்துரைத்ததன் பயனாக, 1940-இல் இது சரணாலயமாயிற்று. 2022-இல் ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது.

சென்ற ஏப்ரல் விடுமுறையில் என் சித்தப்பாவுடன் அங்கே சென்றிருந்தேன். அவர் பறவைகளைப் படம் பிடிப்பவர். தம் பழைய காமிராவை என்னிடம் கொடுத்திருந்தார்.

வண்ணம் என்றால் சங்குவளை நாரையின் வண்ணம்தான்! மஞ்சள் அலகு, செம்மஞ்சள் முகம், வெள்ளை உடல், மார்பில் கருமைப் பட்டை. இவை போதாவென்று வாலருகே ரோஜா நிற இறகுகள். ஆனால் குஞ்சுகளோ அழுக்குச் சாம்பல் நிறம். ஒரே மரத்தில் பல கூடுகள் இருக்கும். பெரிய பறவைகள் அலகைத் தட்டி ஒலி எழுப்புமே தவிர அதிகம் கத்துவதில்லை. கூச்சலெல்லாம் குஞ்சுகளுடையதே.

இவற்றைப் படம்பிடிக்கப் படகு எதற்கு? சுற்றிலும் தண்ணீர் என்பது ஒரு காரணம். அந்தத் தண்ணீரில் முதலைகளும் உண்டு! மற்றொரு காரணம், நாள்தோறும் ஒரே வழியில், ஒரே வேகத்தில் துடுப்புப் போட்டு வரும் படகு பறவைகளுக்குப் பழகிப்போன பொருள். அதற்குள் குனிந்து அமர்ந்திருக்கும் நம்மை அவை பொருட்படுத்துவதில்லை.

படகு அசைந்துகொண்டே இருப்பதால் முக்காலித் தாங்கி பயன்படாது. படகின் ஆட்டமெல்லாம் அதன் வழியே காமிராவுக்கு வந்துவிடும். முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்து, ஷட்டரை ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் விரைவாக வைக்க வேண்டும். வெள்ளை இறகுகள் இன்னொரு தொல்லை. காமிராவின் ஒளிமானி சுற்றியுள்ள கரும்பச்சை இலைகளைப் பார்த்து, காட்சியே இருட்டு என ஏமாந்து, வெளிச்சத்தைக் கூட்டிவிடும். பறவை வெறும் வெள்ளைத் தாள் போலாகிவிடும். ஒளியளவை ஒரு படி குறைத்தால் இறகின் வரிகள் தெரியும். காலைக் கதிரவன் நம் முதுகுப்புறம் இருப்பது நலம்.

இவ்வளவும் சித்தப்பா முன்பே சொல்லியிருந்தார். நான் செய்த பிழை வேறு. கூட்டின் உள்ளே முட்டை தெரியாதா என்ற ஆசையில், படகில் சட்டென்று எழுந்து நின்றுவிட்டேன்! அதுவரை படகாக இருந்தது, அவற்றின் கண்ணுக்கு மனிதனாக மாறிவிட்டது போலும். மூன்று நாரைகள் கழுத்தை நீட்டி எழுந்தன. ஒன்று பறந்தே போயிற்று. "உட்காரம்மா, உட்கார்" என்று அதட்டிய படகோட்டி, விரைந்து படகைப் பின்னுக்குத் தள்ளினார். அதற்குள் ஒரு காகம் அந்தக் கூட்டின் விளிம்பில் வந்து அமர்ந்துவிட்டது. நாரை திரும்பி வந்து அதை விரட்டிற்று. ஆயினும் இடைப்பட்ட நேரத்தில் கூட்டில் என்ன நடந்ததென்று கீழிருந்த எங்களுக்குத் தெரியவில்லை. அப்போது எடுத்த படத்தில் மங்கலான ஒரு சிறகும் வானமும்தான் இருந்தன.

காகம் மட்டுமன்று, ஏப்ரல் வெயிலும் பகையே. இறகு முளைக்காத குஞ்சின்மேல் நடுப்பகல் வெயில் சிறிது நேரம் பட்டாலே ஆபத்து. தாயோ தந்தையோ கூட்டில் நின்று நிழல் தர வேண்டும். மேலே கிருஷ்ணராஜசாகரத்திலிருந்து வெள்ளம் திறந்துவிடப்பட்டால் திட்டுகளே மூழ்கும். 2018, 2019 மழைக்காலங்களில் படகுச் சவாரியே நிறுத்தப்பட்டது. அதை நாம் தடுக்க இயலாது. எழுந்து நிற்காமல் இருக்க இயலும் அல்லவா?

இன்னொரு வியப்பு. அருகில் போனால்தான் நல்ல படம் என்று எண்ணியிருந்தேன். கூடுகள் மரத்தின் உயரத்திலும், நாம் நீர்மட்டத்திலும் இருப்பதால், நெருங்க நெருங்கக் கழுத்தை அண்ணாந்து, வயிற்றையும் வெளிறிய வானத்தையும்தான் படம்பிடிக்க நேரும். விலகி நின்றால் பறவையின் முகம் தெரியும். பின்னணியில் இலைகள் அமையும். தலைகள் எல்லாம் ஒருசேர நிமிர்ந்தால், எல்லை தாண்டிவிட்டோம் என்று பொருள். உடனே பின்வாங்க வேண்டும் என்றார் படகோட்டி.

திரும்பும் வழியில், நெடுந்தொலைவிலிருந்து, வெயிலுக்கு இரு சிறகையும் குடைபோல் விரித்து நின்ற ஒரு நாரையைக் கண்டோம். அதன் நிழலில் மூன்று சாம்பல் தலைகள். உட்கார்ந்தபடியே எடுத்தேன். அன்று எடுத்த படங்களுள் சித்தப்பா வைத்துக்கொள்ளச் சொன்னது அது ஒன்றைத்தான்.