எதிர் ஸீட்டு கனவான்

தமிழ் நாளிதழ்களின் குற்றச் செய்திகளில் நிரந்தரமாக வாசம் செய்யும் பாத்திரம் ஒன்று உண்டு: 'டிப்டாப் ஆசாமி'. பெயர் தெரியாது, ஊர் தெரியாது; சட்டை மட்டும் இஸ்திரி கலையாமல் இருக்கும். கைவரிசையைக் காட்டிவிட்டு அவர் மறைந்த பிறகுதான் போலீஸும் நிருபரும் வந்து சேருகிறார்கள். சட்டையைப் பார்த்து நம்பினார்கள், நம்பியதால் பறிகொடுத்தார்கள் என்பதை அந்த ஒரே அடைமொழி சொல்லிவிடுகிறது.

சிரிக்கவைக்கும் குற்றக் கதைகளை எழுதியவர்கள் பிழைத்ததே மனிதனின் இந்தப் பலவீனத்தை வைத்துத்தான். இந்தியாவில் எழுதப்பட்டவற்றில் ஒன்றைத்தான் சொல்லவேண்டுமென்றால், சத்யஜித் ராய் வங்காளியில் எழுதிய, பாரின் பௌமிக் என்பவரின் வியாதியைப் பற்றிய சிறுகதையைச் சொல்லலாம். (முடிவைச் சொல்லாமல் விளக்க வழியில்லை. இனிமேல்தான் படிக்கவேண்டும் என்பவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிவிடலாம்.)

பௌமிக் பிரபல பாடகர். நிகழ்ச்சிக்காக டெல்லிக்கு ஏ.சி. வகுப்பில் பயணம். எதிர் ஸீட்டில் வந்து உட்கார்ந்தவரை அடையாளம் கண்டதும் அவருக்கு வயிற்றைக் கலக்குகிறது. பல வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு ரயில் பயணத்தில் இந்த மனிதரின் கடிகாரத்தைத்தான் அவர் அபகரித்திருந்தார். வறுமை காரணமில்லை. அடுத்தவர் பொருளைக் கண்டால் கை துறுதுறுக்கும் வியாதி. இப்போது குணமாகிவிட்டது, ஆனால் கடிகாரம் இன்னமும் அவரிடம் இருக்கிறது. சமயம் பார்த்து, சொந்தக்காரரின் சாமான்களுக்குள்ளேயே அதைத் திரும்ப வைத்துவிட்டு நிம்மதியாக மூச்சு விடுகிறார். டெல்லியில் இறங்கிப் பார்த்தால் பாடகரின் பொருட்களில் சில மாயம். எதிர் ஸீட்டு கனவானுக்கும் அதே வியாதி!

ராய் எதையும் ஒளிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. பௌமிக்கின் கையையே நாம் பார்த்துக்கொண்டிருந்ததால் எதிரில் இருந்தவரின் கையைக் கவனிக்கவில்லை. பறிகொடுத்தவர் என்று ஒருவருக்கு முத்திரை குத்திய உடனே, யோக்கியர் என்பதையும் நாமாகவே சேர்த்துக்கொண்டுவிடுகிறோம். அதோடு அது ஏ.சி. பெட்டி. அங்கே திருட்டுக்கு 'வியாதி' என்று பெயர். இதே இருவர் கிழிந்த சட்டையோடு முன்பதிவில்லாத பெட்டியில் அகப்பட்டிருந்தால் வியாதி என்ற பேச்சே எழுந்திருக்காது. தர்ம அடிதான். 2021-ல் நெட்ஃப்ளிக்ஸ் இதை இந்தியில் எடுத்தபோது மனோஜ் பாஜ்பாயை கஜல் பாடகராக்கினார்கள். பாடகர் மீது யாருக்கும் சந்தேகம் வராது என்ற கணக்கு அப்படியே இருந்தது.

சட்டைக்குக் கிடைக்கும் மரியாதையை இதற்கும் முன்பே கேலி செய்தவர் அமெரிக்காவின் ஓ. ஹென்றி. 1904-ல் வெளியான அவருடைய கதையில் நியூயார்க் தெருவில் கிடக்கும் ஸோப்பிக்கு ஒரே ஆசை: குளிர்காலம் முடியும்வரை மூன்று மாதம் ஜெயில். பெரிய ஓட்டலில் மூக்குப்பிடிக்கத் தின்றுவிட்டுக் காசில்லை என்று கைவிரிக்கலாம் என்று நுழைகிறான். காலணியையும் கால்சட்டையையும் பார்த்தே வெளியே தள்ளிவிடுகிறார்கள். கடைக் கண்ணாடியை உடைத்துவிட்டு நான்தான் என்று நின்றால், உடைத்தவன் இப்படி நிற்பானா என்று போலீஸ்காரர் நம்ப மறுக்கிறார். நல்ல உடுப்பில் இருந்த ஒருவரின் குடையைப் பகிரங்கமாகத் தூக்குகிறான். அவர் தடுமாறி, மன்னிப்புக் கேட்கும் தொனியில் பேசுகிறார். அதுவே அன்று காலை அவர் ஓர் ஓட்டலில் 'எடுத்துக்கொண்டு' வந்த குடை! கடைசியில், திருந்தி வாழலாம் என்று மாதாகோயில் வாசலில் மனம் மாறி நிற்கும் நேரத்தில்தான் கைது. அவன் கேட்ட அதே மூன்று மாதம்.

நம் தேவன் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டார். துப்பறியும் சாம்புவின் முகத்தில் அசடு வழிகிறது. ஆள் உண்மையிலேயே அசடுதான். ஊர்தான் அதை மேதையின் வேஷம் என்று எடுத்துக்கொள்கிறது.

கதைகளில் போவது கடிகாரமும் குடையும் என்பதால் நமக்குச் சிரிப்பு வருகிறது. 1987 மார்ச்சில் அன்றைய பம்பாயில் நடந்தது பெரிய தொகை. ஒருவர் நாளிதழில் வேலைவாய்ப்பு விளம்பரம் கொடுத்து, ஆடம்பர ஓட்டலில் நேர்முகத் தேர்வு நடத்தி, 26 பேரைப் பொறுக்கி எடுத்தார். சி.பி.ஐ. சோதனை என்று ஓபரா ஹவுஸ் பகுதி நகைக்கடைக்கு பஸ்ஸில் அழைத்துப்போனார். நகைகளை 'சாம்பிள்' என்று பெட்டியில் வைத்துக்கொண்டு போனவர் போனவர்தான், பிடிபடவேயில்லை. புதிய 'அதிகாரிகள்' மட்டும் கடமை தவறாமல் கடையைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்கள். 2013-ல் இது 'ஸ்பெஷல் 26' என்ற இந்திப் படமாகவும் வந்து கைதட்டல் வாங்கியது. சான்றிதழ்களோடு வேலை தேடி வந்தவர்கள் அவர்கள் என்ற நினைப்பு வரும்போது சிரிப்பு கொஞ்சம் தொண்டையில் சிக்குகிறது.

ஓ. ஹென்றி என்பதும் புனைபெயர்தான். இயற்பெயர் வில்லியம் சிட்னி போர்ட்டர். டெக்ஸாஸ் மாநில வங்கி ஒன்றில் காசாளர். பணம் கையாடியதாக வழக்கு வந்ததும் ஹோண்டுராஸுக்கு ஓடியவர், மனைவி சாகக் கிடக்கிறாள் என்று தெரிந்து திரும்பினார். 1898 முதல் 1901 வரை ஒஹையோ சிறையில் இருந்தார். அங்கிருந்து எழுதிய கதைகளை வெளியில் இருந்த நண்பர் மூலமாகப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். எழுதியவர் கைதி என்று ஆசிரியர்களுக்குத் தெரியாது. அவருடைய சிறு மகளுக்கும் தெரியாது. அப்பா வியாபார விஷயமாக வெளியூர் போயிருக்கிறார் என்றுதான் அவளிடம் சொல்லிவைத்திருந்தார்கள்.