ஓங்கிலின் பாட்டு

புதுச்சேரியிலிருந்து மரக்காணம் நோக்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்பவர்கள், கோட்டக்குப்பத்தைத் தாண்டிய சில நிமிஷங்களுக்குள் பெரிய முதலியார்சாவடியைக் கடந்துவிடுகிறார்கள். மேற்கே ஆரோவில்லுக்கு வழி, கிழக்கே வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் நடுவே நுழைந்து கடலுக்குப் போகும் சந்துகள் என்பதற்கு மேல் அவ்வூரைப் பற்றி அறிந்துகொள்ள அவர்களுக்கு அவகாசம் இருப்பதில்லை. அப்படிப்பட்ட சந்து ஒன்றின் முடிவில், சென்ற மாசி மாதத்தில் ஒரு மாலைப்பொழுது, கரையேற்றி வைத்த ஃபைபர் படகின் நிழலில் அமர்ந்து வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவரையும், அவர் காலடியில் ஒரு சிறு கருவியின் மேல் குனிந்திருந்த அவருடைய பேரனையும் கண்டேன். புத்தகம் போல் விரியும் அந்தக் கையடக்க விளையாட்டுக் கருவி, நின்டெண்டோ 3டிஎஸ், ஆரோவில்லுக்கு வந்து தங்கிப் போன ஒரு வெளிநாட்டுக் குடும்பம் பையனுக்குக் கொடுத்துவிட்டுச் சென்றதாம். அதன் மேல்திரையில் ஒரு டால்ஃபின் நீந்திக்கொண்டிருந்தது; நம் கரையோர மக்கள் ஓங்கில் என்று சொல்லும் அதே ஜீவன்தான்.

அந்த விளையாட்டு எனக்குப் பழைய சிநேகிதன். 'எக்கோ தி டால்ஃபின்' என்பது அதன் பெயர். எட் அனன்சியாட்டா என்னும் அமெரிக்கர் கற்பனை செய்ய, ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரத்தில் இருந்த நோவோட்ரேட் நிறுவனத்தார் உருவாக்க, ஜப்பானிய நிறுவனமான சேகா அதை 1992-ஆம் ஆண்டின் இறுதியில் தன் மெகா டிரைவ் இயந்திரத்துக்காக வெளியிட்டது. அடுத்த ஆண்டே அது கேம் கியர் என்ற கையடக்கக் கருவிக்கும் வந்துவிட்டது. ஆறு பேனா செல்களைப் போட்டால் மூன்று முதல் ஐந்து மணி நேரம் ஓடக்கூடிய, அகலத்தில் 160, உயரத்தில் 144 புள்ளிகளே கொண்ட அந்தச் சிறு வண்ணத் திரைக்குள் ஒரு சமுத்திரத்தையே அடக்கிக் காட்ட முயன்ற அவர்களுடைய துணிச்சலை நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை. பிற்பாடு 2010-இல் ஐபோனிலும், 2013-இல் ஆழம் தெரியும் முப்பரிமாணத் தோற்றத்தோடு 3டிஎஸ் கருவியிலும் அதே விளையாட்டு மறுபிறவி எடுத்தது. பையன் கையில் இருந்தது அந்தக் கடைசிப் பிறவி.

கதையின் தொடக்கத்தைச் சொல்லாமல் இதன் அருமையை விளக்க முடியாது. ஒரு விரிகுடா, அதில் எக்கோவும் அவனுடைய கூட்டத்தாரும் துள்ளி விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். எதிரி இல்லை, ஆபத்து இல்லை, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் அறிவிப்பும் இல்லை. விளையாடுபவர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அந்தத் தெளிந்த நீரில் சுற்றிச் சுற்றி வரலாம். யாரோ ஒரு தோழன், நீ ஆகாயத்தில் எவ்வளவு உயரம் எழும்ப முடியும் என்று கேட்கிறான். சிறுபிள்ளைத்தனமான அந்தக் கேள்விக்கு விடை சொல்ல, ஆழத்துக்குப் போய், வாலை வீசி வேகம் கூட்டி, நீரைப் பிளந்துகொண்டு எக்கோ உயரே பாய்கிற அந்தக் கணத்தில், பேய்ச் சுழல் ஒன்று வானத்திலிருந்து இறங்கி, விரிகுடாவின் உயிர்களை எல்லாம் உறிஞ்சிக்கொண்டு போய்விடுகிறது. அவன் மீண்டும் நீரில் விழும்போது அவனைத் தவிர யாரும் இல்லை. சற்று முன் கும்மாளமிட்ட அதே நீர், அதே பாறை, அதே பாசி. ஆனால் ஓசை இல்லை. எத்தனையோ விளையாட்டுகள் துப்பாக்கிச் சத்தத்தோடு தொடங்குவதைப் பார்த்த எனக்கு, இப்படி ஒரு மௌனத்தோடு தொடங்கும் விளையாட்டு வேறொன்று நினைவுக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு வருவதெல்லாம் தேடல். நீருக்கடியில் கிளை கிளையாகப் பிரியும் குகைகள், வழியை அடைத்து நிற்கும் பளிங்குக் கற்கள், எதிர்த்து நீந்த முடியாத நீரோட்டங்கள், வட துருவத்துப் பனிக்கட்டிகள், மூழ்கிப்போன அட்லாண்டிஸ் நகரம், அங்கே கிடக்கும் கால யந்திரம், அதன் வழியே ஐந்தரைக் கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடல் என்று அத்தேடல் விரிந்துகொண்டே போகிறது. நீலத் திமிங்கிலம் ஒன்று அவனுக்கு யோசனை சொல்கிறது. உலகின் ஆதி உயிரான ஆஸ்டரைட் என்பது, தன் உடலைச் சேர்ந்த ஓர் உருண்டை காணாமற்போனதால் தனக்குச் சக்தி இல்லை என்று முறையிடுகிறது. அந்த உருண்டையைத் தேடிக் கடந்த காலத்துக்குப் போய், அங்கே போரிட்டு அதைப் பறித்து வரும்போதுதான், அது காணாமற்போனதற்குக் காரணமே தான்தான் என்பது அவனுக்கு விளங்குகிறது. புதிருக்குள் புதிர் வைக்கும் கலையில் இது ஓர் உன்னதமான முடிச்சு என்றே நான் கருதுகிறேன்.

பையன் ஒரு குகையில் சிக்கியிருந்தான். வழியை மறித்துக்கொண்டு ஒரு பெரிய பேய்க்கணவாய், எட்டுக் கைகளையும் விரித்து உட்கார்ந்திருந்தது. அவன் மறுபடியும் மறுபடியும் வேகமாகப் பாய்ந்து கடக்கப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் அது அடித்துத் தள்ளியது. பக்கத்தில் ஒரு பளிங்குக் கல் இருந்தது. அதனிடம் பாடினால் அது செய்தி சொல்லும். ஆனால் செய்தி ஆங்கிலத்தில் வந்ததால் அவன் அதைப் படிக்காமலே விட்டிருந்தான். எட்டுக் கையுள்ளதன் அருகே மெல்லப் போ என்று அதைத் தமிழில் சொன்னேன். அவன் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு, ஓட்டத்தின் மிச்ச வேகத்திலேயே டால்ஃபினை மிதக்கவிட்டான். பேய்க்கணவாய் அசையவே இல்லை. வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே தாத்தா, "தண்ணியில எல்லாமே அப்படித்தான்டா, அவசரப்பட்டா அடிதான்" என்றார்.

பாடுதல் என்று சொன்னேன். இந்த விளையாட்டின் ஜீவநாடி அதுவே. ஒரு பொத்தானை அழுத்தினால் எக்கோ குரல் கொடுக்கிறான். அது நண்பர்களை அழைக்கிறது, கற்களைப் பேச வைக்கிறது. அதையே விடாமல் அழுத்திப் பிடித்தால், குரல் குகைச் சுவர்களில் மோதித் திரும்பி வந்து, சுற்றியுள்ள இடத்தின் வரைபடம் ஒன்றைத் திரையில் தீட்டிக் காட்டுகிறது. இதில் புனைவு குறைவு, உண்மை அதிகம். கடலில் சில மீட்டர் ஆழம் போவதற்குள் சூரிய ஒளியின் சிவப்பு நிறம் மங்கி மறைந்துவிடுகிறது. இன்னும் கீழே போகப் போக நீலமும் பிறகு இருளுமே மிச்சம். ஆற்று வண்டல் கலங்கிய நம் கரையோரத்தில் ஒரு கை தூரத்துக்கு அப்பால் கண் தெரியாத நாட்களும் உண்டு. ஆனால் ஒலிக்கோ நீர் ஒரு ராஜபாட்டை. காற்றில் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும் ஒலி, கடல் நீரில் சுமார் 1,500 மீட்டர் செல்கிறது. டால்ஃபின் தன் மூக்குத் துவாரப் பாதையில் எழுப்பும் 'டிக் டிக்' என்ற ஒலித் துணுக்குகளை, நெற்றியில் உள்ள கொழுப்புத் திரட்சி கண்ணாடி வில்லை போல் குவித்து முன்னே அனுப்புகிறது. மோதித் திரும்பும் எதிரொலியைக் கீழ்த்தாடையில் உள்ள கொழுப்பு வாங்கி உட்காதுக்குச் சேர்க்கிறது. மனிதச் செவிக்கு எட்டும் எல்லை 20 கிலோஹெர்ட்ஸ் என்றால், இந்த ஒலிகள் 100 கிலோஹெர்ட்ஸையும் தாண்டிப் போகக்கூடியவை. 2009-இல் நம் அரசாங்கம் தேசிய நீர்வாழ் விலங்காகத் தேர்ந்த கங்கை டால்ஃபின், ஏறக்குறையக் குருடாகவே பிறந்து, கலங்கல் நீரில் காதாலேயே பார்த்து வாழ்கிறது.

இப்படிக் காதால் உலகத்தைக் காணும் பிராணியை நான்கு சிமெண்டுச் சுவர்களுக்குள் அடைத்தால் என்ன ஆகும்? தன் குரலே எல்லாப் பக்கமும் மோதித் தன் மேலேயே வந்து விழும். இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில், சென்னைக்குத் தெற்கே, வித்தை காட்டுவதற்காக 1990-களின் இறுதியில் பல்கேரியாவிலிருந்து தருவிக்கப்பட்ட டால்ஃபின்கள் சில மாதங்களுக்குள் மாண்டுபோயின. 2013-ஆம் ஆண்டு மத்திய அரசு, டால்ஃபின் காட்சிச்சாலைகளுக்கு அனுமதி இல்லை என்று திட்டவட்டமாக அறிவித்தது. டால்ஃபினை அருகே காண விரும்பும் குழந்தைக்கு, தொட்டியைவிட இந்தச் சிறு திரை எவ்வளவோ மேல் என்று நான் நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். டால்ஃபின் மீன் அன்று. நம்மைப் போல் நுரையீரலால் சுவாசிப்பது. திரையின் ஓரத்தில் உள்ள கோடு ஒன்று எக்கோவின் மூச்சு குறையக் குறையத் தேய்ந்துகொண்டே வருகிறது. அது தீருமுன் மேற்பரப்புக்கோ, குகைக்கூரையில் காற்று தங்கிய பொந்துக்கோ அவன் போய்ச் சேர வேண்டும். புதிரின் விடை தெரிந்திருந்தும் மூச்சு போதாமல் பாதி வழியில் திரும்ப நேரும்போது ஏற்படும் பதைபதைப்பு இருக்கிறதே, அதுதான் விளையாடுபவனைக் கடலுக்குள் இழுத்துப்போகிறது. 3டிஎஸ் பதிப்பில், அடியும் படாமல் மூச்சும் தீராமல் நீந்த வகை செய்யும் ஓர் ஏற்பாட்டைச் சேர்த்திருக்கிறார்கள். கடினம் மிகுந்த விளையாட்டைப் பலரும் முடிக்கட்டும் என்ற நல்லெண்ணமே அதற்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் மூச்சு தீராத டால்ஃபின் வெறும் படம்தான். அந்த ஏற்பாட்டை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

பேச்சு கரையின் பக்கம் திரும்பியது. பெரியவர் வலையைக் கீழே வைத்துவிட்டு, அலை வந்து மோதிக்கொண்டிருந்த கருங்கற்களைக் காட்டினார். தம் வாலிப வயதில் அந்தக் கற்களுக்கு அப்பாலும் மணல் இருந்ததென்றும், கரைவலை இழுக்க இருபுறமும் வரிசையாக ஆட்கள் நின்றார்களென்றும் சொன்னார். இந்தக் கடற்கரையில் தென்மேற்குக் காற்றின் மாதங்களில் வடக்காகவும், வடகிழக்குப் பருவத்தில் தெற்காகவும் மணல் நகர்கிறது. கூட்டிக் கழித்தால் வடக்கே போவதே அதிகம். தெற்கிலிருந்து வரும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும் வடக்கிலிருந்து வருவதை வன்னி என்றும் பெயரிட்டு அறிந்தவர்கள் இம்மக்கள். 1980-களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் அணைகளை நீட்டியபோது, வடக்கே வரவேண்டிய மணல் தெற்குப் பக்கமே தேங்கிவிட்டது. வடக்கே உள்ள குப்பங்களின் கரை கரைந்தது. ஓரிடத்தைக் காக்கக் கல் கொட்டினால் அரிப்பு அடுத்த ஊருக்கு நகர்கிறது; தூண்டில் வளைவு போட்டால் அதற்கும் வடக்கே உள்ளவர்கள் கவலைப்பட வேண்டியிருக்கிறது. எக்கோவின் விரிகுடா ஒரு கணத்தில் காலியாயிற்று, இங்கே முப்பது ஆண்டுகள் பிடித்தன. இரண்டிலும் காரணம் கண்ணுக்கெட்டாத வேறோர் இடத்தில் இருந்தது.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கையில் பையன் கருவியின் ஒலியைக் கூட்டி, எக்கோவின் குரலைத் தாத்தாவின் காதருகே பிடித்தான். அவர் தலையைச் சாய்த்து இரண்டு மூன்று தரம் கேட்டார். "ஓங்கில் கத்துறது நமக்கு எங்க கேக்குது சார்? விடியக்காலம் இன்ஜினை நிறுத்திட்டு வலை மேல உக்காந்திருப்போம் பாருங்க, அப்போ இருட்டுல பக்கத்துல வந்து புஸ்ஸுன்னு மூச்சு விடும். அதான் கேக்கும்" என்றார்.

பையன் சிறிது நேரம் யோசித்துவிட்டு, விளையாட்டை முதலிலிருந்து தொடங்கினான். விரிகுடாவில் கூட்டம் முழுதும் மீண்டும் நீந்திக்கொண்டிருந்தது. தோழன் வந்து, எவ்வளவு உயரம் எழும்புவாய் என்று கேட்டான். பையன் பதில் சொல்லவில்லை. நான் சாலைக்குத் திரும்பும்போதும் எக்கோ தன் கூட்டத்தோடு நீருக்குள்ளேயே வட்டமிட்டுக்கொண்டிருந்தான். மூச்சு வாங்க மட்டும் மேலே வந்து, உடனே ஓசைப்படாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தான்.