ஊசித் துளைக்கு ஒரு நாடா

கொரோனா வைரஸ் பரவலால் 2020 மார்ச் 25 அன்று நாடு முடங்கியபோது, திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வெட்டிய துணி மேஜையிலேயே கிடந்தது. ஐரோப்பா, அமெரிக்கா ஆர்டர்கள் ரத்தாயின, இல்லையென்றால் தள்ளிப்போயின. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருந்த தொழிலாளர்களில் பலர் ஊர் திரும்ப வழி தேடினார்கள். அதே வாரங்களில்தான் மருத்துவமனைகள் கவச உடை கேட்டுத் தவித்தன. மெஷின் இருக்கிறது, தைக்கத் தெரிந்த கைகள் இருக்கின்றன, டி-ஷர்ட்டுக்குப் பதில் கவச உடை தைத்தால் ஆயிற்று என்றே வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றியது.

முதல் இடறல் துணி. திருப்பூரின் பெருமையே வியர்வையை உறிஞ்சும் பருத்திப் பின்னல்தான். கவச உடையோ ஒரு சொட்டைக்கூட உறிஞ்சக் கூடாது. பாலிப்ரொப்பிலீன் இழைகளை நெய்யாமலும் பின்னாமலும் சூட்டில் ஒட்டவைத்து, மேலே மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஏற்றிய ‘நான்-ஓவன்’ துணி அதற்கு வேண்டும். பை, டயாபர் முதலியவற்றுக்காக இந்த வகைத் துணி செய்யும் ஆலைகள் நாட்டில் முன்பே இருந்தன. அதனால் துணிப் பிரச்சினை ஓரளவு சீக்கிரம் தீர்ந்தது.

மழைக்கோட்டுத் துணி போதாதா? போதாது. தண்ணீர் சொட்டு, பரப்பு இழுவிசையால் தன்னைத்தானே இறுக்கிப் பிடித்து உருண்டு நிற்கும். ரத்தத்துக்கு அந்த இழுவிசை குறைவு. தண்ணீர் தயங்கி நிற்கும் நுண்துளையில் அது பரவி உள்ளே போய்விடும். ஆகவே சோதனைக்குச் செயற்கை ரத்தம் என்ற சிவப்புத் திரவத்தைப் பயன்படுத்துகிறார்கள். கோவையில் 1956 முதல் இயங்கும் ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான ‘சிட்ரா’வுக்குப் பல மாநிலங்களிலிருந்தும் மாதிரிகள் குவிந்தன. துணித் துண்டை ஒரு கலத்தில் இறுக்கி, ஒரு பக்கம் அந்தத் திரவத்தை நிரப்பி, காற்றழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றுவார்கள். அரசு கேட்டது 3.5 கிலோபாஸ்கல், அதாவது 35 செ.மீ. உயரத் தண்ணீர் அழுத்தும் அளவு. மறுபக்கம் சிவப்பு தெரிந்தால் தோல்வி.

துணி தேறினாலும் தையல் காட்டிக்கொடுத்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு முழு உடையில் 6 மீட்டர் தையல், அங்குலத்துக்குப் பத்துக் குத்து என்று வைத்தால், 2,300க்கு மேல் ஓட்டைகள். ஒவ்வொன்றும் ஊசியின் கனம். வைரஸுக்கு அது கோட்டை வாசல். போதாததற்கு, அந்த ஓட்டைக்குள் கிடக்கும் நூலே திரியாக நின்று திரவத்தை உள்ளே இழுக்கும். இத்தனை நாள் உடுப்பை உருவாக்கிய அதே ஊசி, இந்த உடுப்பைக் கெடுத்துவிடுகிறது. எனக்கு இந்தக் கதையில் ஆகப்பெரிய வியப்பு இதுதான்.

பரிகாரம், தையல்மேல் ஒட்டும் சுமார் 2 செ.மீ. அகல நாடா. அதன் அடிப்பக்கம் சூட்டில் உருகும் பசை. நாடா ஒட்டும் மெஷினின் மூக்கிலிருந்து கொதிக்கும் காற்று பசைமேல் பாய்ந்ததும், உருளைகள் நாடாவைத் தையலோடு சேர்த்து நசுக்கும். இதில் வேகம்தான் எல்லாம். கொஞ்சம் தாமதித்தால் துணியே சுருங்கும், ஏனென்றால் பாலிப்ரொப்பிலீன் சுமார் 165 டிகிரியில் உருகிவிடும். அவசரப்பட்டால் பசை இளகாது. கவட்டில் நான்கு தையல் கூடும் இடம் இன்னும் கடினம்: அங்கே துணி மேடாகிவிடுவதால் நாடா படியாமல் பக்கவாட்டில் சந்து விடும். ஓவர்லாக் தையல் மெஷினில் பல வருடம் பழகிய கையும் இதைப் புதிதாகத்தான் கற்க வேண்டியிருந்தது.

நாடாவும் அந்த மெஷினும் பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. உலகம் முழுக்க ஒரே நேரத்தில் கேட்டதால் வரத்து நின்றது. துணி மலையாகக் கிடந்தும், நாடா இல்லாமல் உடை முடியவில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் பாதுகாப்புத் துறை ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் விஞ்ஞானிகள் ஒரு மாற்று சொன்னார்கள். நீர்மூழ்கிக் கப்பல்களில் பயன்படும் அடைப்புப் பசையை அடிப்படையாகக் கொண்டு, நாடாவுக்குப் பதில் தையலில் பூசும் பசையை உருவாக்கியிருந்தார்கள். கடல் நீரைத் தடுக்கும் அறிவு, மருத்துவரின் தோள்பட்டைத் தையலுக்கு வந்து சேர்ந்தது.

நாட்டில் நாளொன்றுக்கு 2 லட்சம் கவச உடை தயாராகிறது என்று மே 12 அன்று பிரதமர் அறிவித்தார். பாராட்டெல்லாம் தையலுக்கே போனது. எனக்கென்னவோ நாடாவைத்தான் எண்ணத் தோன்றுகிறது. உடைக்கு 6 மீட்டர் என்றால், அந்த வேகத்துக்கு ஒரு நாளில் மட்டும் 1,200 கிலோமீட்டர் தையலை அடைக்க வேண்டும்.