மூளையையும் கொடையாகத் தந்த அருள்சகோதரிகள்



"தினமும் செபமாலை சொன்ன அம்மாவுக்கா ஃபாதர் இந்த மறதி?" நோயாளிகளைச் சந்திக்கச் செல்லும் வீடுகளில் பிள்ளைகள் இப்படிக் கேட்கிறார்கள். ஏதோ பக்தி குறைந்துவிட்டது போன்ற ஒரு வேதனை அந்தக் கேள்வியில் இருக்கிறது. அவர்களுக்கு நான் சொல்வது, அமெரிக்காவில் நோட்டர் டாம் பள்ளி அருள்சகோதரிகள் சபையில் நடந்த ஆய்வைத்தான்.

1986-இல் டேவிட் ஸ்னோடன் என்பவர் அதைத் தொடங்கினார். 75 வயதைக் கடந்த 678 சகோதரிகள் நினைவாற்றல் சோதனைகளுக்கு முன்வந்தார்கள்; இறந்தபின் தங்கள் மூளையை ஆய்வுக்குத் தரவும் இசைந்தார்கள். மடத்தில் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே உணவு, ஒரே செபம். ஆயினும் சிலருக்கு அல்சைமர் மறதிநோய் வந்தது, சிலருக்கு வரவில்லை. அது பக்தியை அளந்து பார்த்து வருவதில்லை.

101 வயதில் இறந்த சகோதரி மேரி, முதுமையிலும் சோதனைகளில் நல்ல மதிப்பெண் பெற்றவர். ஆனால் அவருடைய மூளையை ஆராய்ந்தபோது அல்சைமருக்குரிய படிவுகள் ஏராளமாக இருந்தன! சேதத்தைத் தாங்கிக்கொள்ளும் கையிருப்பு சில மூளைகளுக்கு உண்டு என்கிறார்கள் அறிஞர்கள்.

1997-இல் வெளியான மற்றொரு முடிவு நமக்கு இன்னும் பயனுள்ளது. இத்தகைய படிவுகளோடு, இரத்த ஓட்டம் தடைபட்டதால் வரும் சிறு பக்கவாதத்தின் தழும்புகளும் இருந்த சகோதரிகளிடமே மறதிநோய் மிகுதியாக வெளிப்பட்டது. பக்கவாதத்துக்கு முக்கியக் காரணம் உயர் இரத்த அழுத்தம். உபவாசம் என்று சொல்லி பிரஷர் மாத்திரையையும் நிறுத்திவிடும் பெரியவர்கள் நம் பங்கிலும் உண்டு. தவக்காலத்திலும் அந்த மாத்திரையை விடாதீர்கள்.